மூன்றாம் சாமத்துப் படம்

மார்கழி பிறந்துவிட்டால் காரைக்குடியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் சிதறிக் கிடக்கும் எங்கள் சிறு கூட்டத்துக்குள் ஒரே ஒரு கேள்விதான் சுற்றி வரும். செக்காலை ரோட்டில் பார்த்தாலும் சரி, கொப்புடையம்மன் கோயில் வாசலில் பார்த்தாலும் சரி, நலம் விசாரிப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவார்கள்: "மூணாம் சாமத்துக்கு என்ன படம்னு தெரிஞ்சுதா?"

ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கி, மறுநாள் மதியச் சாப்பாடு வரைக்கும், அறிவியல் புனைகதைப் படங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பது எங்கள் வழக்கம். இரவை நான்கு சாமமாகப் பிரித்துக்கொள்வோம். ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை முதற்சாமம். ஒன்பதிலிருந்து நள்ளிரவு வரை இரண்டாம் சாமம். அதிலிருந்து மூன்று மணி வரை மூன்றாம் சாமம். பிறகு விடியும்வரை நான்காம் சாமம். விடிந்தபின் வருபவை பகல் படங்கள். பொங்கலுக்கு மறுநாள் பட்டியல் வந்துவிடும். ஆனால் மூன்றாம் சாமத்துக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கும். அந்தப் படத்தின் பெயர், திரையில் எழுத்து விழும்வரை ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை எங்களில் பலர் முன்பே பார்த்தவர்கள். பார்க்காதவர்களும் நினைத்தால் இன்றிரவே கைபேசியில் பார்த்துவிடலாம். அப்புறம் எதற்கு இவ்வளவு எதிர்பார்ப்பு என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். நாங்கள் காத்திருப்பது வரிசைக்காக. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் இலையில் எது எந்த மூலையில் விழ வேண்டும், எதற்குப் பின் எது வர வேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு. முறை மாறினால் அதே பதார்த்தம் வேறு ருசியாகிவிடும். திரைப்படத்துக்கும் அது அப்படியே பொருந்தும் என்பதை, நாங்கள் படம் பார்க்கும் செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரத்தில், உட்கார்ந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 1956-இல் வெளிவந்த 'ஃபர்பிடன் பிளானட்' என்ற படத்தில் வழக்கமான வாத்திய இசை ஓரிடத்திலும் கிடையாது. லூயி பேரன், பீபி பேரன் என்ற தம்பதி தாங்களே கட்டிய மின்சுற்றுகளிலிருந்து எழுப்பிய ஒலிகள்தாம் படம் முழுவதும் இசையாக வருகின்றன. முழுநீளத் திரைப்படம் ஒன்றுக்கு முழுக்க மின்னணு ஒலியிலேயே இசை அமைந்தது அதுவே முதல்முறை. இதைத் தனியாகப் பார்த்தால் வரலாற்றுத் தகவல் என்று தலையசைத்துவிட்டுப் போய்விடலாம். ஓர் ஆண்டு அதை முதற்சாமத்தில் வைத்து, சாப்பாட்டுக்குப் பின் இரண்டாம் சாமத்தில் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யை வைத்தார்கள். அது 1968-இல் வந்தது. மனிதர்கள் நிலவைச் சுற்றி வந்த முதல் பயணமான அப்பல்லோ 8 கிளம்புவதற்குச் சில மாதங்கள் முன்பு. அதில் விண்கலம் சுழலும்போது ஒலிப்பது, அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பு வியன்னாவில் எழுதப்பட்ட ஒரு வால்ட்ஸ் நடன இசை. வருங்காலத்தைக் காட்ட இதுவரை யாரும் கேட்டிராத ஒலி வேண்டும் என்று ஒரு படம் நம்பியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த படம் தாத்தா காலத்து இசையே போதும் என்று நம்பியது. முந்தைய படத்தின் மின்னொலி காதை விட்டு அகலாத நிலையில் அந்த வயலின்கள் எழுந்தபோது, வளவில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டு படங்களையும் நான் அதற்கு முன் தனித்தனியாகப் பார்த்திருக்கிறேன். இந்த எண்ணம் எனக்குத் தோன்றியதே இல்லை.

விடிய விடியப் படம் பார்ப்பது நம் ஊருக்குப் புதிய பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிப்பவர்களுக்காகத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம், மூன்று படம் என்று விடியும்வரை ஓட்டியது நம் பெற்றோர் தலைமுறைக்கு நன்றாகவே நினைவிருக்கும். எண்பதுகளில் அது வீட்டுக்குள்ளேயே வந்தது. கல்யாண வீட்டிலும் காதுகுத்து வீட்டிலும் வாடகைக்கு டிவியும் டெக்கும் எடுத்து, தெருவே கூடி உட்கார்ந்து, மூன்றாவது கேசட் முடியும்போது பால்காரர் மணியடிப்பார். பக்திப் படமும் சண்டைப் படமும் இருந்த இடத்தில் நாங்கள் விண்வெளிப் படத்தை வைத்தோம், அவ்வளவுதான் மாற்றம்.

அந்த மாற்றத்துக்கான பொறி வெளியிலிருந்துதான் வந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் அமெரிக்காவில் க்ளீவ்லாந்து நகரத்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே மாணவர்களின் திரைப்படச் சங்கம் 1976-லிருந்து ஆண்டுதோறும் இப்படியொரு தொடர் காட்சியை நடத்திவருகிறது. வெள்ளிக்கிழமை இரவு தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமைதான் ஓயும். அதில் சில படங்களின் பெயரை முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். அதே 1976-இல்தான் பாஸ்டன் நகரத்தை ஒட்டிய கேம்பிரிட்ஜில் ஆர்சன் வெல்ஸ் பெயரில் இருந்த திரையரங்கில் இன்னொரு தொடர் காட்சி தொடங்கியது. இது 24 மணி நேரம். 1986-இல் அந்தத் திரையரங்கு தீப்பிடித்து மூடப்பட்டது. கூட்டம் கலைந்துவிடவில்லை. வேறு அரங்குகளுக்கு மாறி மாறி, அதே பிப்ரவரி மாத விடுமுறையில் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே இருந்தது. இடம் எரிந்த பிறகும் ஒரு காத்திருப்பு பிழைத்துக்கொண்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். பனி கொட்டும் ஊரில் தலையணையும் போர்வையுமாக வந்து சேர்ந்தவர்களைப் பற்றி அந்த நண்பர் சொல்லச் சொல்ல, "நம்ம வளவு சும்மாதானே கெடக்கு, இங்க போட்டா என்ன?" என்று ஆச்சி ஒருவர் கேட்டார். தொடக்கம் அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த வளவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆச்சியின் வீடு, பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடு; அவர்களில் பாதிப் பேர் சென்னையிலும் மீதிப் பேர் சிங்கப்பூர், மலேசியாவிலும் இருக்கிறார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடப்பவை. கல்யாணம், அறுபதாம் கல்யாணமான சாந்தி, முன்னோர்க்குப் படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் எல்லாக் கதவுகளும் திறக்கும். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உட்காரவும் உண்ணவும் உறங்கவும் என்றே கட்டப்பட்ட வீடுகள் இவை. நள்ளிரவில் கண் சொக்குகிறவருக்குப் பட்டாலையில் படுக்க இடமுண்டு. விழித்திருப்பவருக்கு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் சுக்குக் காபி உண்டு. இரண்டுக்கும் நடுவே, தூண் வரிசையின் ஒரு கோடியில் கட்டிய வெள்ளைத் துணியில் படம் ஓடிக்கொண்டே இருக்கும். தொடர் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான அரங்கை எந்த ஊரிலும் கட்டிவிட முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு குறை மட்டும் இருந்தது. முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அடிக்கின்றன. முதலாண்டில் வசனம் முழுக்க எதிரொலியில் கரைந்துபோயிற்று. இப்போது மரப்பெட்டிகளில் கிடந்த பெரிய ஜமுக்காளங்களை எடுத்துப் பக்கச் சுவர்களில் தொங்கவிடுகிறார்கள், தரையில் பாய்கள். காட்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜமுக்காளம் கட்டப் போகிறவர்களுக்குள் நடக்கும் பேச்சில் பாதியாவது, மூன்றாம் சாமத்தைப் பற்றிய ஊகமாகத்தான் இருக்கும்.

முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பது இன்னொரு பேறு. தை மாதக் கடைசியில், இரண்டாம் சாமம் தொடங்கும் ஒன்பது மணி வாக்கில் திருவாதிரை நட்சத்திரம் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள அந்தச் செம்பெரு மீனை, திரையிலிருந்து கண்ணெடுத்தாலே பார்த்துவிடலாம்.

பட்டியல் போடுகிறவர் ஒருவரே. சிக்ரி என்று நாங்கள் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் அவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. வட்டித் தொழிலுக்கும் வீடுகளுக்கும் பெயர்பெற்ற ஊருக்கு நடுவில் ஓர் ஆய்வுக்கூடம் முளைத்தபோது, அதைப் பார்த்து வளர்ந்த சிறுவர்களுக்கு விஞ்ஞானம் என்பது வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கும் ஒன்றாக இருந்தது. சினிமாவும் அப்படித்தான். ஏவி. மெய்யப்பனின் ஸ்டுடியோ சென்னைக்குப் போவதற்கு முன் இங்கேதான் இருந்தது; 1947-இல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடியில் உருவான படம். இரண்டும் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவை. ஒரே இரவில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம் என்று அண்ணன் சொல்வார்.

அவர் வரிசை போடும் முறையைச் சில ஆண்டுகளாகக் கூர்ந்து கவனித்துவருகிறேன். முதற்சாமத்தில் எல்லோரும் குழந்தைகளோடு வந்திருப்பார்கள். அங்கே வேகமும் வியப்பும் உள்ள படம். ஜார்ஜ் மெலியெஸ் 1902-இல் எடுத்த, கால் மணி நேரம்கூட ஓடாத நிலவுப் பயணப் படத்தை விளக்கு அணைந்ததும் முதலில் போடுவது மாறாத வழக்கம். கையால் வண்ணம் தீட்டிய அதன் பிரதி ஒன்று 1993-இல் பார்சிலோனாவில் கிடைத்து, பல ஆண்டு உழைப்பில் மீட்கப்பட்டு, 2011-இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. நிலவின் கண்ணில் ராக்கெட் குத்தும் இடத்தில் குழந்தைகள் கைதட்டுவார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் அந்தக் கைதட்டல் தவறுவதில்லை.

இரண்டாம் சாமத்தில் தமிழ்ப் படம் வர வேண்டும் என்பது இளைஞர்களின் கட்சி. பெரும்பாலும் அவர்கள் கேட்டது நடக்கும். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' ஓடிய ஆண்டில், 2015-இல் வந்த அந்தப் படத்தின் கால எந்திரத்தைப் பற்றிய சண்டை இடைவேளையில் தொடங்கிப் பணியாரம் வரும்வரை நீண்டது. எனக்கு மிகவும் பிடித்தது 'கலை அரசி'. 1963-இல் வந்த படம், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. யூரி ககாரின் விண்ணுக்குப் போய் இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மனிதர் நிலவில் கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. வேற்றுக் கிரகத்திலிருந்து வருகிறவர்கள் நம் பொன்னையும் மண்ணையும் கேட்கவில்லை; பாடத் தெரிந்த ஒரு பெண்ணைக் கொண்டுபோகிறார்கள், தங்கள் உலகத்துக்குச் சங்கீதம் கற்றுக்கொடுக்க. அறிவியலில் எங்கோ போய்விட்ட ஓர் உலகத்துக்குப் பாட்டு இல்லை என்ற அந்த எண்ணம் தமிழில் மட்டுமே பிறந்திருக்கக்கூடியது என்று எனக்குத் தோன்றும். இதைச் சிரிப்புக்காகப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலர், பானுமதி பாடத் தொடங்கியதும் அமைதியானார்கள்.

மூன்றாம் சாமம் வேறு விதமானது. அந்த நேரத்தில் குழந்தைகள் தூங்கியிருப்பார்கள். விழித்திருப்பவர்களின் மனமும் பகலில் இருப்பதுபோல் எதையும் எடை போட்டுக்கொண்டிருக்காது. காண்பதெல்லாம் நேராக உள்ளே இறங்கும். அதனால்தான் அண்ணன் அந்த இடத்துக்கு மட்டும் பெயர் சொல்வதில்லை. பெயர் தெரிந்தால் படம் பற்றிய கருத்தோடு வந்து உட்காருவீர்கள் என்பது அவர் வாதம். அதற்குப் பதிலாகப் பட்டியலோடு ஒரே ஒரு குறிப்புத் தருவார்.

ஓர் ஆண்டு குறிப்பாக வந்தது "புவெனஸ் ஐரிஸ்" என்ற ஊர்ப்பெயர் மட்டும். அர்ஜென்டினாப் படங்களையெல்லாம் தேடிப் படித்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். நள்ளிரவில் திரையில் விழுந்தது ஜெர்மனியின் 'மெட்ரோபாலிஸ்'. ஃபிரிட்ஸ் லாங் எடுத்து, 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியான பேசாப் படம். வெளியான சில மாதங்களிலேயே கணிசமாக வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெட்டிய பகுதிகள் அழிந்தே போயின என்று உலகம் நம்பியிருந்த நிலையில், 2008-இல் புவெனஸ் ஐரிஸின் ஒரு திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழுமையான பிரதி கிடைத்தது. 2010-இல் அது மீண்டும் திரைக்கு வந்தது. அந்தப் பிரதி மிகவும் தேய்ந்திருந்ததால், மீட்ட காட்சிகள் மட்டும் கோடும் கீறலுமாகத் தெரியும். எது எண்பது ஆண்டுகள் காணாமல் போயிருந்தது என்பதைப் படம் ஓடும்போதே கண்ணால் பார்க்கலாம். கீறல் விழுந்த காட்சி வரும்போதெல்லாம் யாரோ ஒருவர் மெல்ல "இதுவும் கெடச்சதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்னோர் ஆண்டு மூன்றாம் சாமத்தில் வந்தது 1954-இன் ஜப்பானியப் படமான 'காட்ஜில்லா'. பிற்காலத்து வண்ணப் படங்கள் அல்ல, முதலாவதான கறுப்பு வெள்ளைப் படம். அந்த ஆண்டு மார்ச் மாதம் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. அந்தத் துயரத்தின் சூட்டில் எடுக்கப்பட்டது அது. எங்கள் கூட்டத்தில் தொண்ணூறை நெருங்கிய ஐயா ஒருவர் இருந்தார். 1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டு விழுந்தபோது அங்கே சிறுபிள்ளையாக இருந்தவர். பிறகு குடும்பத்தோடு பர்மாவை விட்டு வந்தவர். அவர் படம் பார்க்க வந்தவர்கூட இல்லை. தூக்கம் வராமல் வளவுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டோக்கியோ எரியும் காட்சியில் சங்கு ஊதியபோது, "ரெங்கூன்ல இப்படித்தாந்தா ஊதும். ஆத்தா எங்களையெல்லாம் மாடிப்படிக்குக் கீழ இழுத்து உக்கார வச்சுக்கும்" என்றார். திரையில் தெரிந்தவர்கள் எந்த நாட்டு விமானங்களுக்குப் பயந்து அவர் அன்று ஓடினாரோ அந்த நாட்டு மக்கள். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படம் முடியும்வரை எழுந்திருக்கவும் இல்லை. நான்காம் சாமத்துக்கு என்ன ஓடியது என்று எங்களில் பலருக்கு இன்று நினைவில்லை. பட்டியலில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்கிறோம். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. சென்ற ஆண்டு பார்த்தவற்றைத் திரும்பப் பேசுகிறோம்; ஒருவர் 'காடு' படத்தைப் பற்றி எங்கிருந்தோ தகவல் திரட்டிக்கொண்டு வருகிறார். 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த படம் அது. அழிந்துபோன மாமூத் யானைகள் நம் காட்டில் திரிவதாகக் கதை. இந்த ஆண்டு பகல் படமாக அதைப் போட வேண்டும் என்று அவர் அண்ணனிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டேன். நம் ஊர் மாமூத்தைப் பார்க்காமல் வெளியூர் வேற்றுக்கிரகவாசியை எத்தனை முறைதான் பார்ப்பது?

இந்த ஆண்டுக் குறிப்பு வழக்கத்துக்கு மாறாக மார்கழியிலேயே வந்துவிட்டது: "வருங்காலத்துச் சாலைக்கு டோக்கியோ வரை போனார்கள்." நான் இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1972-இல் எடுத்த 'சோலாரிஸ்' படத்தில் வரும் எதிர்கால நகரத்தின் நீண்ட சாலைக் காட்சி, டோக்கியோவின் அன்றைய மேம்பாலங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் எடுக்கப்பட்டது. செட் எதுவும் போடாமல், இருக்கிற சாலையையே வருங்காலமாகக் காட்டிவிட்டார்கள். குறிப்பு இதைத்தான் சுட்டுகிறது என்பது என் ஊகம். இளைஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. டோக்கியோ என்றால் ஜப்பானியப் படமாகத்தான் இருக்கும், ஒருவேளை காட்ஜில்லா திரும்பவும் வரலாம் என்கிறார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் மெல்ல நகரும் ஒரு ருஷ்யப் படத்தை நள்ளிரவில் போட்டால் பாதி வளவு தூங்கிவிடும் என்பது அவர்களின் இன்னொரு வாதம்.

தூங்கட்டும் என்றுதான் நான் சொல்கிறேன். சோலாரிஸ் கிரகத்தின் கடல், ஆய்வு நிலையத்தில் இருப்பவர்கள் தூங்கும்போது அவர்கள் நினைவுக்குள் புகுந்து, அவர்கள் இழந்த மனிதர்களை உருவாக்கி அனுப்பிவிடுகிறது. நாயகன் கண் விழிக்கும்போது, இறந்துபோன மனைவி அறையில் உட்கார்ந்திருக்கிறாள். இப்படிப்பட்ட கதையை, பாதித் தூக்கத்தில் தலை சாய்ந்து, திடுக்கிட்டு விழித்து, யார் இந்தப் பெண் என்று ஒரு கணம் தடுமாறிப் பார்ப்பதைவிட வேறு எப்படிப் பார்ப்பது சரியாக இருக்கும்? பகலில் பார்த்தபோது எனக்கு அது நீளமாக இருந்தது உண்மை. அந்த நீளத்துக்கு உரிய நேரம் மூன்றாம் சாமம்தான் என்று இப்போது படுகிறது. அது முடிந்ததும் நான்காம் சாமத்தின் தொடக்கத்தில் 'லா ஜெட்டே'யை வைத்தால் நன்றாக இருக்கும்: க்ரிஸ் மார்க்கர் 1962-இல் எடுத்த 28 நிமிடப் படம், முழுவதும் அசையாப் புகைப்படங்களால் ஆனது, தூங்கி எழும் ஒரு பெண் கண் திறக்கும் ஓரிடத்தில் மட்டும் படம் உயிர் பெற்று அசையும். அதுவும் நினைவைப் பற்றிய கதைதான்.

இந்த யோசனையைக் கடைவீதியில் வைத்து அண்ணனிடம் சொன்னேன். "நல்லாத்தாந்தா இருக்கு" என்றவர், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஒற்றைப் பதிலை ஆளுக்கொரு விதமாக அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். பொங்கலுக்கு மறுநாள் மீதிப் பட்டியல் வரும்; அதில் நான்காம் சாமத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.